முன்னே ஒன்று, பின்னே ஒன்றா?

மோட்டார் சைக்கிளில் ஒரு சக்கரத்துக்கு ரேடியல், மற்றதற்குப் பயாஸ் டயர் போடலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

பயாஸ் டயரில் நூலிழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும், பக்கச்சுவர் விறைப்பானது. ரேடியலில் அவை ஓடும் திசைக்கு நேர் குறுக்கே செல்லும். பக்கச்சுவர் எளிதில் வளையும். ஆகவே திருப்பத்தில் சாயும்போது இரண்டும் ஒரே மாதிரி நடக்கமாட்டா, வண்டி அலையலாம். மழையில் நனைந்த நியூ நோர்த் வீதியில் அது உயிராபத்து.

கலப்பே கூடாது என்பதல்ல. இந்தியாவில் 2008இல் வந்த யமஹா எஃப்இசட்16இல் முன்னே 100/80-17 பயாஸ், பின்னே 140/60-ஆர்17 ரேடியல். அது தயாரிப்பாளரே தேர்ந்த சேர்க்கை. மாறாக, முன்னே ரேடியல், பின்னே பயாஸ் என்பதை டயர் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

அளவில் 'ஆர்' எழுத்து இருந்தால் ரேடியல். கோடு மட்டுமென்றால் பயாஸ். வாங்குமுன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.