உடம்பில் பத்துக் கிலோ

அமெரிக்க ரோந்துக் காவலர் பணிக்குக் கிளம்பும்போது இரண்டு பெல்ட் கட்டுகிறார். கால்சட்டையோடு ஒன்று, அதன்மேல், சுமார் 2.25 அங்குல அகலத்தில் தடித்த இன்னொன்று. வெளி பெல்ட் சரியாமல் இருக்கச் சிறு வார்களால் இரண்டையும் பிணைத்துப் பொத்தான் போடுகிறார்.

வெளி பெல்ட்டில் கைத்துப்பாக்கி, உபரி மேகசின்கள், கைவிலங்கு, டேசர், மிளகு ஸ்ப்ரே, மடக்கு லத்தி, டார்ச், வாக்கி-டாக்கி. தோட்டா நிரப்பிய கிளாக் 17 கைத்துப்பாக்கி மட்டுமே ஏறக்குறைய 900 கிராம். குண்டு துளைக்காத உள்கவசத்தையும் சேர்த்தால் மொத்தம் 10 கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

பத்துக் கிலோ அரிசிப் பையை யாரும் தூக்கிவிடலாம். பணி நேரம் முழுக்க இறக்கிவைக்காமல் உடம்பில் கட்டிக்கொண்டிருப்பதுதான் கடினம். அதிலும் ரோந்துக் காரில் உட்காரும்போது தொல்லை கூடும். பின்பக்கம் உள்ள கைவிலங்கு உறை இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே முட்டும். பக்கவாட்டில் துப்பாக்கி துருத்துவதால் உடல் ஒரு பக்கம் கோணும். பெல்ட் இறுகினால், இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் உணர்வு நரம்பு நசுங்கி, வெளித்தொடை மரத்துப்போய் எரியும். கைவிலங்கை முதுகெலும்புக்கு நேராக மாட்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: மல்லாந்து விழுந்தால் அந்த இரும்பு எலும்பைப் பதம் பார்த்துவிடும்.

சுமையைத் தோளுக்கு ஏற்றும் யோசனை பழையது. 1858-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்துப் பிலிபித் அருகே நடந்த சண்டையில் பிரிட்டிஷ் அதிகாரி சாம் பிரவுன் இடது கையை இழந்தார். வாளுறையைப் பிடிக்க மறுகை இல்லாததால், வலது தோள் வழியாக வார் போட்டு இடுப்பு பெல்ட்டைத் தாங்கவைத்தார். அவர் பெயரிலேயே அது உலகக் காவல் படைகளுக்கும் பரவியது. கைகலப்பில் எதிராளி பற்றி இழுக்கலாம் என்பதால், ரோந்துப் பணியில் தோள் வார் பின்னர் மறைந்தது; மொத்தச் சுமையும் இடுப்புக்கே வந்தது.

இப்போது கருவிகளை இடுப்பிலிருந்து மேலே ஏற்ற, பைகள் வைத்த மேல்சட்டை வந்திருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஓ கிளேர் வளாகம் மேயோ கிளினிக்கோடு சேர்ந்து உள்ளூர்க் காவலர்களிடம் இதைச் சோதித்தது. அணிந்தவர்களுக்கு இடுப்பு வலியும் கீழ்முதுகு வலியும் குறைந்தன. துப்பாக்கி மட்டும் பெரும்பாலும் இடுப்பிலேயே இருக்கிறது.

மேல்சட்டை எடையைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆகவே புதுக் கருவி வாங்கும் காவல் துறைகள் விலையைக் கேட்பதோடு, அது காவலர் உடம்பில் எங்கே தொங்கப்போகிறது என்றும் கேட்க வேண்டும்.