கோபல்ல கிராமத்திலிருந்தே தொடங்குங்கள்

விண்வெளிப் பேரரசுகளைப் பற்றி ஐசக் அசிமோவ் எழுதிய 'ஃபவுண்டேஷன்' நாவல்களை எங்கிருந்து தொடங்குவது என்பது தீராத வழக்கு. முதல் நூல் 1951இல் வந்தது. கதைப்படி அதற்கும் முந்தைய காலத்தை அவர் 1988இல்தான் எழுதினார். இடைசெவல் கி. ராஜநாராயணனின் கோபல்ல வரிசையில் இந்தச் சிக்கலே கிடையாது. 1976இல் 'கோபல்ல கிராமம்', பிறகு 'கோபல்லபுரத்து மக்கள்', அதன்பின் 'அந்தமான் நாயக்கர்'. கதையின் காலமும் அதே வரிசையில்தான் நகர்கிறது. ஆனாலும் புதிய வாசகர் கையில் பலரும் முதலில் கொடுப்பது இரண்டாவது நூலைத்தான். ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1991இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது என்பவை அதற்குக் காரணம். விருது ஒரு நூலின் தகுதியைச் சொல்லும். எதற்குப் பிறகு எதை வாசிப்பது என்பதைச் சொல்லாது.

இரண்டாவது நூலில் சுதந்திரப் போராட்டம் ஊருக்குள் நுழையும்போது அந்த மக்கள் எதை இழக்க அஞ்சுகிறார்கள் என்பது முதல் நூலில்தான் இருக்கிறது. ராஜாவின் கண் பட்ட சென்னாதேவியைக் காப்பாற்ற, தெலுங்கு நாட்டிலிருந்து ஒரு குடும்பமே இரவோடு இரவாகக் கிளம்பி வந்த கதையை மங்கத்தாயாரு பாட்டி சொல்கிறாள். வந்தவர்கள் காட்டுக்குத் தீ வைத்து, கரிசலைத் திருத்தி, சம்சாரிகளாகிறார்கள். வெட்டுக்கிளிகள் வந்து அந்த வெள்ளாமையில் இறங்கும்போது வாசகருக்கும் வயிறு கலங்குகிறது. அந்த மண் எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாதவருக்கு அது வெறும் பூச்சிக் கூட்டம்.

'கதாநாயகன் இல்லை, கிளைக்கதைகள் அலைகின்றன' என்பார்கள். உண்மைதான். ஊரே பாத்திரமாக இருக்கிற நாவலில் ஒருவனைத் தேடினால் அலுப்புத்தான் மிஞ்சும். ஆனால் நகைக்காக ஒரு பெண்ணைக் கொன்றவனை ஊர் கழுவேற்றுகிற பகுதியைப் படித்தவர்கள் கதை நகரவில்லை என்று சொல்ல முடியாது. வட்டார வழக்கு புரியாது என்பது இன்னொரு தயக்கம். கம்மாய், சம்சாரி, வெள்ளாமை போன்ற சொற்களுக்கு நாலு பக்கத்தில் காது பழகிவிடும். கரிசல் சொல்லகராதியைத் தொகுத்தவரும் கி. ராஜநாராயணனேதான். அதை நாவலுக்குப் பிறகு புரட்டுவதே சுகம்.

நாவலுக்கு நேரமில்லாதவர்கள் அவருடைய 'கதவு' சிறுகதையைப் படிக்கட்டும். தீர்வைப் பாக்கிக்காகக் கழற்றிக் கொண்டுபோகப்பட்ட வீட்டுக் கதவை, பின்னொரு நாள் சாவடிப் பக்கம் கண்ட குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள்.