உங்களுக்குத் தெரியுமா? கிருமி செத்தாலும் நஞ்சு சாகாது!

● 2000-ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் ஜப்பானின் ஒசாகா பகுதியில் ‘ஸ்னோ பிராண்ட்’ நிறுவனத்தின் கொழுப்பு குறைத்த பாலைக் குடித்தவர்கள் வரிசையாக வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்தார்கள். மொத்தம் 13,000 பேருக்கும் மேல். பால் முறையாகச் சூடாக்கப்பட்டதுதான். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அந்தச் சூட்டிலேயே செத்துவிட்டது. ஆனால் சாவதற்கு முன் அது சுரந்துவைத்த நஞ்சு அப்படியே இருந்தது. தடம் பிடித்துக்கொண்டு போனால், ஹொக்கைடோ தீவில் தைக்கி என்ற ஊரிலுள்ள தொழிற்சாலை. அங்கே மார்ச் 31 அன்று மின்சாரம் போய், பால் சில மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்திருக்கிறது. அதிலிருந்து செய்து ஒசாகா பாலில் கலந்த பால்பவுடர்தான் வில்லன். ஒருவர் வயிற்றுக்குள் போன நஞ்சு 20 முதல் 100 நானோகிராம் இருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

● இந்த நஞ்சுக்கு ஆரம்பகாலப் ‘பரிசோதனைக் கருவி’ மனித வயிறுதான். பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆய்வாளர், மடியில் இந்தக் கிருமி இருந்த பசுவின் பாலைத் தானே குடித்துப் பார்த்தார். கறந்த சூட்டில் குடித்தால் ஒன்றுமில்லை. சில மணி நேரம் வெளியே வைத்துக் குடித்தால் வாந்தி. 1914-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். ஆய்வு நெறிக் குழுக்கள் இல்லாத காலம்!

● இன்று அந்த வேலையை எலிசா என்ற எதிர்ப்பொருள் சோதனை செய்கிறது. 25 கிராம் உணவைத் தண்ணீர்விட்டு அரைத்து, சுழலியில் சுற்றித் தெளிவை எடுக்கிறார்கள். தெளிவை ஒரு சவ்வுப் பைக்குள் ஊற்றி, பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் இரவு முழுக்க ஊறப்போடுகிறார்கள். தண்ணீர் வெளியேறிவிட, நஞ்சு பைக்குள்ளேயே தங்கிக் கெட்டியாகிறது. மறுநாள் அதை எடுத்து எதிர்ப்பொருள் பூசிய சின்னச்சின்னக் குழிகளில் விட்டால், நஞ்சு இருக்கும் குழி நிறம் மாறும். ஆனால் சில காய்கறிகளில் இயல்பாகவே இருக்கும் பெராக்சிடேஸ் நொதியும் இதே நிறத்தைக் காட்டி ஏமாற்றும். இன்னொரு சிக்கல்: ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு வகைகள் இருபதுக்கும் மேல். கடையில் கிடைக்கும் பல கிட்டுகள் பிடிப்பதோ ஏ முதல் ஈ வரை ஐந்தே ஐந்து. ஆகவே ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்றிருந்தால், அந்த ஐந்தும் இல்லை என்று மட்டும் படிக்க வேண்டும்.

● வடித்த சோற்றை ராத்திரி முழுக்க வெளியே வைத்து, மறுநாள் ஃப்ரைடு ரைஸ் போட்டதால் வந்த வாந்தி 1970-களில் பிரிட்டனின் சீன உணவகங்களைப் படாதபாடு படுத்தியது. காரணம் பாசிலஸ் சீரியஸ் கிருமியின் செரூலைடு என்ற நஞ்சு. இதை 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அசையாது. வாணலிச் சூடெல்லாம் அதற்கு எம்மாத்திரம்? எலிசாவுக்கும் லேசில் சிக்காது. இது மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் எதிர்ப்பொருள் உண்டாக்குவதே கஷ்டம். பின்லாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது: ஆண் பன்றியின் விந்தணு! உணவுச் சாற்றை அதில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். துள்ளி நீந்திய அணுக்கள் சட்டென்று முடங்கினால், நஞ்சு இருக்கிறது என்று சந்தேகப்படலாம். இப்போது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்துவிட்டது. 2017-இல் ஐஎஸ்ஓ தரமுறையும் வெளியானது.

● காலரா கிருமி வெளியே சுரக்கும் நஞ்சு ஒன்று குடலைத் தாக்குகிறது என்று நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. உயிருள்ள முயலின் சிறுகுடலை நூலால் இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் காலரா கிருமியை ஊசியால் செலுத்துவார். மறுநாள் அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியிருந்தால் நஞ்சு உண்டு. 1959-இல் கிருமி வளர்ந்த நீரிலிருந்து கிருமியை முழுக்க வடிகட்டிவிட்டு, அந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. வேறு பல கிருமிகளின் நஞ்சையும் உலகம் இதே முறையில் சோதித்தது. நோபல் பரிசுக்கு அவரைப் பரிந்துரைத்தவர் ஜோசுவா லெடர்பர்க். நம் நாடோ அவர் வாழ்ந்த காலத்தில் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

● எத்தனை இயந்திரம் வந்தாலும் பாட்டுலினம் நஞ்சுக்கு இன்றைக்கும் சுண்டெலிதான் சாட்சி. சந்தேகப்படும் உணவின் சாற்றை ஒரு எலிக்கு அப்படியே, இன்னொன்றுக்குக் கொதிக்கவைத்து, மற்றவற்றுக்கு வகைவாரியான முறிமருந்து சேர்த்து ஊசி போடுவார்கள். நான்கு நாள் வரை காவல். ரோமம் சிலிர்த்து, மூச்சுக்குத் திணறி, இடுப்பு ஒடுங்கினால் நஞ்சு வேலை செய்கிறது. ஆய்வகத்தில் அதற்குக் ‘குளவி இடுப்பு’ என்றே பெயர். எந்த முறிமருந்து பெற்ற எலி பிழைக்கிறதோ, அதை வைத்து நஞ்சின் வகை தெரியும். கொதிக்கவைத்த சாறு பெற்ற எலியும் பிழைத்துவிடும். ஆளைக் கொல்லும் இந்த நஞ்சு, 85 டிகிரிச் சூட்டில் ஐந்தே நிமிடத்தில் செயலிழந்துவிடும்!

● பெரிய அண்டாவில் செய்து மெதுவாக ஆறவிட்ட கறிக்குழம்பில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் தன் நஞ்சைப் பெரும்பாலும் குழம்பில் சுரப்பதில்லை. சாப்பிட்டவரின் குடலுக்குள் போன பிறகே சுரக்கிறது. அதனால் குழம்பில் கிருமியை எண்ணுவார்கள். நஞ்சைத் தேட நோயாளியின் மலத்தைக் கேட்பார்கள்.