கடலைப் பார்க்கவா, கடலில் குளிக்கவா?

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிடும். "அம்மா, பீச்சுக்குப் போகலாம்மா!" மாமியாருக்கு ராமேசுவரம், கணவருக்குக் கன்னியாகுமரியில் சூரிய உதயம், பெரிய பையனுக்கு அலைச்சறுக்கு, சின்னதற்கு மணல் வீடு. நமக்கு? இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் காற்று வாங்கினால் போதும்!

எந்த ஊர் என்று முடிவு செய்யும்போது என்ன பார்க்கிறோம்? ரயிலில் டிக்கெட் கிடைக்கிறதா, தங்க ரூம் கிடைக்கிறதா, அவ்வளவுதான். அந்த ஊர்க் கடல் எப்படிப்பட்டது என்று யாராவது விசாரிக்கிறோமா? நானும் விசாரித்ததில்லை, மூன்று வருஷத்துக்கு முன்பு வரை.

அரையாண்டு லீவில் நாத்தனார் குடும்பமும் நாங்களுமாகச் சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். தப்பு ஊருடையது இல்லை, எங்களுடையது. மழை விட்டு நல்ல வெயில். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் இருபதடி அகலத்துக்கு மட்டும் தண்ணீர் ரோடு போட்ட மாதிரி அமைதியாக இருந்தது. நாத்தனார் பையனுக்குப் பதினாலு வயது. "அங்கே அலையே இல்லை பாரு, அங்கே போய் நில்லு" என்று சொன்னது சாட்சாத் நான்தான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றவன், நான் பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றி நிமிர்வதற்குள் நாலு ஆள் தூரம் உள்ளே போயிருந்தான். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. தலை மட்டும் மேலும் கீழுமாகப் போய் வந்தது. விளையாடுகிறான் என்றே நினைத்தோம். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் முதலில் எழுந்து ஓடினார். இரண்டு பையன்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய் அவனைத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தான்.

பெரியவர் எங்களைத் திட்டவில்லை. "அலை ஒடையாத எடம்னா அமைதின்னு நெனச்சீங்களாம்மா? கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழிம்மா அது" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அலை அலையாகக் கரைக்கு வந்து கொட்டும் தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போய்த்தானே ஆகவேண்டும்? மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளமான இடம் பார்த்து, ஆறு மாதிரி ஒன்று சேர்ந்து உள்ளே ஓடுகிறது. பள்ளமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. தண்ணீர் கொஞ்சம் கருத்தோ கலங்கியோ இருக்கும். நுரை கடலை நோக்கிப் போகும். இந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, உள்ளே கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்தினால் நீச்சல் தெரிந்தவர்களும் களைத்துத்தான் முழுகுகிறார்கள். கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சில கெஜத்தில் அதன் பிடி விட்டுவிடும். நீச்சல் தெரியாதவர்கள் மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. நம் தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஒரே கடல் இல்லை. பார்க்கிற கடல் வேறு, குளிக்கிற கடல் வேறு.

பார்க்கிற கடல்

சென்னை மெரினா பார்க்கிற கடல். சுண்டல், பட்டம், ராட்டினம், மாலைக் காற்று எல்லாம் உண்டு. ஆனால் குளிக்கத் தடை. அந்தத் தடையை மீறித்தான் வருஷா வருஷம் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையைப் பறிகொடுக்கிறார்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்காதவர்கள் உண்டா? அது ஒரு நினைவுச் சின்னம். 1930 டிசம்பரில் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய், தானே உயிரை விட்ட ஷ்மித் என்ற வெளிநாட்டுக்காரருக்காகக் கட்டியது. அதன் நிழலில் நின்றுகொண்டே பிள்ளைகளைத் தண்ணீருக்குள் அனுப்புகிறோம்.

மாமல்லபுரத்தில் கோவிலைப் பாருங்கள், சிற்பங்களைப் பாருங்கள், கடலைக் கரையிலிருந்தே பாருங்கள். புதுச்சேரியில் நகரத்துக் கடற்கரைச் சாலை காலாற நடப்பதற்கு அருமை. ஆனால் கரை முழுக்கப் பெரும்பாலும் கருங்கல். 1980-களில் அங்கே துறைமுகம் கட்டிய பின் மணல் அரித்துப் போனதுதான் காரணம். கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள் என்றாலும் கல்லில் பாசி வழுக்கும். முழங்கால் வலிக்கார மாமியாரை அங்கே இறக்கிவிடாதீர்கள்!

கன்னியாகுமரியும் இந்த வகைதான். உதயமும் அஸ்தமனமும் பார்க்க அதற்கு ஈடில்லை. ஆனால் பாறையும் அலையும் மோதும் இடம். சங்கமத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும், அதற்கும் புண்ணியம் உண்டு. அந்த மாவட்டத்துக் கரைக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. காற்றில்லை, மழையில்லை, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். திடீரென்று கடல் பொங்கும். தெற்கே வெகு தூரத்தில் வீசிய புயல்காற்று எழுப்பிய அலை நாட்கணக்கில் பிரயாணம் செய்து வந்து சேர்வதால் இப்படி ஆகிறது. கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். சொல்லாமல் வருகிற கள்ளன்! சித்திரை, வைகாசியில்தான், அதாவது சரியாக நம் பிள்ளைகளின் லீவில்தான் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது இப்படிப்பட்ட நாளில்தான். எச்சரிக்கையும் வந்திருந்தது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. செய்தியில் 'கள்ளக்கடல்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்குக் கோவில், கடைத்தெரு என்று திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிக்கிற கடல்

அப்படியானால் குளிப்பதற்கு இடமே இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. அதற்கு ராமநாதபுரம் பக்கம் போகவேண்டும்.

அங்கே நிலம் கடலுக்குள் கை நீட்டிய மாதிரி இருக்கிறது. வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி ரோட்டில் போனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் குளம் மாதிரி, மறு பக்கம் சீறிக்கொண்டு. அமைதியானதைப் பெண் கடல் என்றும், சீறுவதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். பெயர் வைத்தது யாராக இருக்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை!

பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல். கிழக்கே இலங்கை, தெற்கே ராமர் பாலத்து மணல் திட்டுகள். பெரிய அலைகளை இவை தடுத்துவிடுகின்றன. அதனால்தான் ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் எண்பது வயதுப் பாட்டியும் பயமில்லாமல் முழுக்குப் போடுகிறாள். குழந்தைகள் நாள் முழுக்க ஆடவேண்டும் என்றால், ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் வழியில் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்கு மர நிழல், சரிவில்லாத தரை, கொஞ்சதூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாத தண்ணீர். அலைச்சறுக்குப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், தூக்கி வைத்துக்கொள்ளட்டும்.

இதே கரையில் பட்டுக்கோட்டைப் பக்கம் மனோரா இருக்கிறது. ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதற்காகச் சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம். அழகான இடம், அலையே இல்லை. ஆனால் காலடியில் சேறு. குளியலுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பெண் கடல் என்றால் எப்போதும் சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பினால் அதற்கும் கோபம் வரும். அப்போது தெற்கே உள்ள ஆண் கடல் சற்று அடங்கியிருக்கும். வைகாசிக்கு மேல் தெற்கத்திக் காற்று வீசும்போது மறுபடி தலைகீழ். அந்தப் பக்கத்து மீனவர்கள் காற்றைப் பார்த்துக் கரையை மாற்றித் தொழில் செய்வது இதனால்தான். ஆனால் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில், இரண்டு கடலும் கலக்கிற இடத்தில், எந்த மாதமானாலும் இறங்காதீர்கள். இரண்டு பக்கத்து நீரோட்டமும் அங்கே மோதுகிறது.

சென்னை முதல் நாகப்பட்டினம் வரை உள்ள கரைக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை ஆகாது. மழை நின்றாலும் கடல் உடனே அடங்குவதில்லை. எங்கள் கதை நடந்தது மார்கழியில்தானே! தை பிறந்து, மாசி, பங்குனியில் போவது உத்தமம்.

சென்னைக்காரர்கள் அத்தனை தூரம் போகமுடியாது என்றால், 40 கிலோமீட்டரில் கோவளம் இருக்கிறது. (கேரளத்துக் கோவளம் இல்லை, நம்முடையது.) 2021-ல் இந்தக் கோவளத்துக்கும், புதுச்சேரியில் ஈடன் கடற்கரைக்கும் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. தண்ணீர் சுத்தம், உயிர்காப்பாளர், கழிப்பறை, உடை மாற்றும் அறை என்று 33 விஷயங்களைப் பார்த்துக் கொடுப்பது. உடை மாற்ற ஒரு அறை! ஈரப் புடவையோடு காருக்குப் பின்னால் ஒளிந்து நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கொடி பறக்கிறதே என்று கடல் பணிந்துவிடாது. உயிர்காப்பாளர் காட்டுகிற இடத்தில், அவர் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

இறங்குமுன்

போன இடத்தில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தூரத்திலேயே உடைந்து, வரிவரியாக நுரைத்து வந்தால் தரை சரிவு குறைவு. கரையருகே வந்து தொப்பென்று விழுந்தால், இரண்டடி வைத்தால் ஆழம். யாராவது மீனவரையோ மீன் விற்கும் அம்மாவையோ கேளுங்கள். "இங்கே எங்கேம்மா குளிக்கலாம்?" என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

குழந்தைக்கு நீலச் சட்டை, வெள்ளைச் சட்டை வேண்டாம். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, சிவப்பு நல்லது. நமக்கும் புடவை வேண்டாம். நனைந்தால் கனம், காலைச் சுற்றும், விழுந்தால் எழுந்திருக்க விடாது. சுடிதார் போதும். குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் போனைப் பையில் போட்டுவிட்டு அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முழுகுகிறவர்கள் சினிமாவில் வருவதுபோல் கத்துவதில்லை. குடித்துவிட்டு இறங்குகிற வீரர்கள் கூட்டத்தில் இருந்தால், சண்டை வந்தாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள்.

யாரையாவது இழுத்துவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள். மூடிபோட்ட காலி தண்ணீர் கேன், கயிறு, எது மிதக்குமோ அதை வீசுங்கள். கரையேற்றியபின் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்குவது பழைய தப்பு. மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் மணலால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவி, பிறகு பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் வைத்தால் வலி குறையும்.

இந்த மே மாதம் அரியமான் போவதாக முடிவு. போன வாரம் நாத்தனார் போன் பண்ணினாள். "அண்ணி, பையன் வரமாட்டேங்கிறான். கடல்னாலே வேண்டாம்கிறான்." அவனையே கூப்பிடச் சொன்னேன்.

"அத்தை, அங்கே ஆழம் எவ்வளவு?"

"உன் முழங்கால் அளவுடா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நீங்க காப்பி கொண்டுவராதீங்க, நான் வர்றேன்" என்றான்.