மைலேஜ் ஆசையும் தேயும் பாகங்களும்

எரிபொருளை மிச்சப்படுத்தச் சொல்லப்படும் ஓட்டுமுறைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பவர், பெட்ரோல் செலவழித்து எடுத்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கி வீணடிப்பதில்லை. அவருக்குப் பெட்ரோலும் மிச்சம், பிரேக் பேடும் டயரும் மிச்சம். வேறு சில உத்திகளோ சுமையைக் குறைப்பதில்லை; அதை இன்னொரு பாகத்தின் தலையில் கட்டிவிடுகின்றன.

மலை இறக்கத்தில் நியூட்ரல் போடுவது அப்படிப்பட்டது. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. கியரில் இறங்கினாலும் இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்கள் வேறு. கியரில் இருந்தபடி காலை எடுத்தால், சுழற்சி ஓரளவு வேகமாக இருக்கும்வரை எரிபொருள் அடியோடு நின்றுவிடும்; சக்கரங்களே இன்ஜினைச் சுற்றுகின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க எரிபொருள் தேவைப்படுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், நியூட்ரலில் வரும் காரின் வேகம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், மிதித்த பெடல் உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் சில மிதிகளில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

டாப் கியர் பிடிவாதமும் இதே ரகம்தான். சமதளத்தில் உயர் கியரில் நிதானமாகப் போவது சிக்கனமே. ஆனால் மேட்டில் இன்ஜின் திணறி அதிரும்போதும் கியரைக் குறைக்காமல் அழுத்தினால், பிஸ்டன் மீது விழும் அழுத்தம் கூடுகிறது. பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் இடையே ஆயில் படலத்தைத் தாங்கிப் பிடிப்பது சுழற்சி வேகம். அது குறைந்த நேரத்தில் சுமை ஏறினால் படலம் மெலிந்து உலோகத்தோடு உலோகம் உரசும்.

‘பிரேக் பேட் மலிவு, கியரில் இறங்கி இன்ஜினை ஏன் தேய்க்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. எரிபொருள் நின்ற இன்ஜினுக்குள் வெடிப்பழுத்தமே இல்லை. மேடு ஏறும்போது தாங்கும் சுமையோடு ஒப்பிட்டால் இது அற்பம். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட்டால் கிளட்சும் தேயாது. ஆகவே எந்த உத்தியைக் கேட்டாலும், அது வீணாவதைத் தடுக்கிறதா, சுமையை இடம் மாற்றுகிறதா என்று பாருங்கள். இடம் மாற்றினால், பங்க்கில் மிச்சமானது ஒர்க்‌ஷாப்பில் செலவாகும்.