நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை



சம்பந்தம் பேசும்போது மார்க்கப்பற்று, குடும்பம், படிப்பு எல்லாம் விசாரிக்கிறோம். இரத்தத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

தலசீமியா என்பது பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு. அதன் பழுதான மரபணு ஒன்று மட்டும் இருப்பவர் ‘கேரியர்’. அவர் நலமாகவே இருப்பார். கணவன், மனைவி இருவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டிவரும். நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடித்தால் இந்த வாய்ப்பு கூடுகிறது.

முதலில் சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் கேரியராக இருக்கக்கூடும். மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதை டி.என்.ஏ. பரிசோதனை காட்டும்.

அது எப்படி? டி.என்.ஏ. இரண்டு இழைகளால் ஆனது. ஓர் இழை, தனக்குப் பொருந்தும் மறு இழையோடுதான் ஒட்டும். எனவே பழுதான பகுதிக்குப் பொருந்தும் சிறு இழையைத் தயாரிக்கிறார்கள். இதற்கு ‘புரோப்’ என்று பெயர். இதில் பயோட்டின் என்ற வைட்டமினை அடையாளமாக இணைக்கிறார்கள். சோதிக்கப்படுபவரின் டி.என்.ஏ.வில் அந்தப் பழுது இருந்தால் புரோப் ஒட்டும். ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும், சரியான வெப்பத்தில் கழுவும்போது கழன்றுவிடும். பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தை நொதியோடு சேர்த்து விடுவார்கள். அது பயோட்டினை விடாப்பிடியாகப் பற்றும். நொதி நிறத்தை உண்டாக்கும். நிறம் தெரிந்தால் பழுது உண்டு.

முன்பு பயோட்டினுக்குப் பதில் கதிரியக்கப் பாஸ்பரஸ்தான் பயன்பட்டது. அதன் வீரியம் 14 நாளில் பாதியாகிவிடும், கையாள்வதும் ஆபத்து. 1981இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயோட்டின் முறையை வெளியிட்டார்கள். பயோட்டின் சேர்த்த புரோப்பைப் பல மாதங்கள் குளிரில் வைத்திருந்து பயன்படுத்தலாம்.

சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் இந்த நோய்க்கான பரிசோதனை கட்டாயம். முடிவு எதுவானாலும் நிக்காஹ் தடுக்கப்படுவதில்லை, தீர்மானம் குடும்பத்தாருடையது.

கேரியர் என்பது குறையோ, மறைக்க வேண்டிய வெட்கமோ அல்ல. ஒருவர் மட்டும் கேரியராக இருந்தால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வராது. முடிவைத் தெரிந்துகொண்டவர்கள் அதை அமானிதமாகக் காக்க வேண்டும். ஊரில் பேசுபொருளாக்கக் கூடாது. பேச்சு முடிவாகும் முன்பே பரிசோதித்தால் இரு வீட்டாருக்கும் மனவருத்தம் இருக்காது, இன்ஷா அல்லாஹ்.