கடலடி எண்ணெய்த் தேக்கங்களில் கார்பன் டை ஆக்சைடு

கடற்படுகைக்குக் கீழுள்ள பாறைகளில் பாறை எண்ணெய், இயற்கை எரிவளி ஆகியவற்றுடன் கார்பன் டை ஆக்சைடும் கலந்து தேங்கியிருப்பதுண்டு. பெரும்பாலான வயல்களில் இது சிறிதளவே உள்ளது. சிலவற்றில் எரிவளியை விஞ்சியும் காணப்படுகிறது. 1973 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் நத்துனா தீவுகளுக்கு அருகே கண்டறியப்பட்ட பெரும் எரிவளித் தேக்கத்தில் இதன் பங்கு ஏறத்தாழ 71% ஆகும். இதனால் அங்கு பல பத்தாண்டுகளாக உற்பத்தி தொடங்கப்படவில்லை.

தோற்றம்

இவ்வளிமம் முதன்மையாக மூன்று வழிகளில் தோன்றுகிறது.

* கரிமப் பொருள்: புதையுண்ட உயிரின எச்சங்கள் வெப்பத்தால் சிதையும்போது வெளியேறுகிறது.
* கார்பனேட்டுப் பாறை: சுண்ணாம்புக்கல் போன்றவை மிகு வெப்பத்தில் சிதைவதாலோ பிற கனிமங்களுடன் வினைபுரிவதாலோ உண்டாகிறது.
* மூடகம்: புவியோட்டுக்குக் கீழுள்ள இவ்வடுக்கிலிருந்து பாறைக்குழம்பு வழியாகவும் ஆழ்ந்த பிளவுகள் வழியாகவும் மேலேறுகிறது.

தோற்றத்தை அறியும் முறை

கார்பன்-13 ஓரிடத்தானின் அளவு ஒரு நியமத்துடன் ஒப்பிடப்படுகிறது. கடல்சார் கார்பனேட்டுப் பாறையிலிருந்து வந்த வளிமத்தில் இது நியமத்துக்கு அண்மையில் இருக்கும். மூடகத்திலிருந்து வந்ததில் ஆயிரத்தில் சுமார் 4 முதல் 8 பங்கு வரை குறைவாகவும், கரிமப் பொருளிலிருந்து வந்ததில் பொதுவாக 10 பங்குக்கு மேல் குறைவாகவும் இருக்கும்.

வெவ்வேறு மூலங்களின் வளிமங்கள் கலந்தால் இவ்வளவீடு மட்டும் போதாது. எனவே உடன் காணப்படும் ஹீலியமும் ஆராயப்படுகிறது. ஹீலியம்-4 யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சிதைவால் புவியோட்டில் இடையறாது உண்டாகிறது. ஹீலியம்-3 பெரும்பாலும் புவி தோன்றியபோதே அதன் உட்பகுதியில் சிறைப்பட்டது. ஆகவே ஹீலியம்-3 மிகுந்திருப்பது மூடகத் தோற்றத்துக்குச் சான்றாகும்.

சாந்தோசு படுகை

பிரேசிலின் தென்கிழக்குக் கடற்பகுதியில் உள்ள இப்படுகையில், தடித்த உப்பு அடுக்குக்குக் கீழே எண்ணெய் தேங்கியுள்ளது. தேக்கப் பாறை கார்பனேட்டு வகையாதலால், வளிமமும் அதிலிருந்தே வந்தது எனக் கருத இடமுண்டு. ஆயினும் ஓரிடத்தான் ஆய்வுகள் மூடகத்தையே சுட்டுகின்றன. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்தபோது இங்கு புவியோடு மெலிந்தது. ஆழத்திலிருந்து வந்த வளிமத்தை உப்பு அடுக்கு தடுத்து நிறுத்தியது. 2008 இல் அறிவிக்கப்பட்ட சூப்பிட்டர் வயலில் இதன் பங்கு ஏறத்தாழ 79% ஆகும். அருகிலுள்ள துப்பி வயலில் இது மிகக் குறைவு.

முக்கியத்துவம்

கார்பன் டை ஆக்சைடு எரிவளியின் வெப்ப மதிப்பைக் குறைக்கிறது. நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி எஃகுக் குழாய்களை அரிக்கிறது. வளிமண்டலத்தில் விடப்பட்டால் புவி வெப்பமாதலைக் கூட்டுகிறது. நார்வேயின் இசுலைப்னர் வயலில் 1996 முதல் இது பிரிக்கப்பட்டு, கடலடி மணற்கல் அடுக்கினுள் செலுத்தப்படுகிறது. பிரேசிலில் எண்ணெய்த் தேக்கத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. இவ்வளிமம் எங்கிருந்து வந்தது என அறிந்தால், அது மிகுந்திருக்கக்கூடிய இடங்களைத் துளையிடும் முன்னரே ஓரளவு கணிக்க இயலும்.